எழுத்துக் கூட்டினால் போதுமா?

உடன்குடி என்றதும் கருப்பட்டியை நினைக்காதவர் தமிழ்நாட்டில் இரார். செம்மணல் தேரியும் பனங்காடும் கடற்காற்றும் கூடிய அந்தப் பிரதேசம் 1986-ஆம் வருஷத்தில் தூத்துக்குடி ஜில்லாவில் சேர்ந்துவிட்டதாயினும், பேச்சிலும் பழக்கத்திலும் இன்றும் திருநெல்வேலிச் சீமைதான். அங்கே ஓர் ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை எழுப்பி, 'பனங்கருப்பட்டி' என்று பலகையில் எழுதிப் படிக்கச் சொல்லுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ப என்பான், ன என்பான், ங் என்பதில் சற்றுத் தயங்குவான், க, ரு, ப், ப, ட், டி என்று ஒன்பது எழுத்தையும் ஒருவாறு சொல்லி முடிப்பான். "சரி, அது என்ன சொல்?" என்று கேட்டால் விழிப்பான். பிறந்த நாள் முதல் முகர்ந்தும் தின்றும் வருகிற பண்டத்தின் பெயர் அது! கடைசி எழுத்துக்கு வந்து சேர்வதற்குள் முதல் எழுத்து அவன் மனத்தைவிட்டு நழுவிவிட்டது.

இந்தப் பையனை எழுத்தறியாதவன் என்று சொல்ல முடியாது. வாசித்தவன் என்றும் சொல்ல முடியாது. எழுத்தறிவதற்கும் வாசிப்பதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் மிகப் பலர் அந்தப் பள்ளத்திலேதான் கிடக்கிறார்கள். ஜனக்கணக்கு எடுப்பவர் வாசலில் வந்து நின்றால், "பையன் படிக்கிறான்" என்று வீட்டார் சொல்லுவார்கள். அவரும் எழுதிக்கொண்டு போவார். 1951-இல் இந்தியாவில் நூற்றுக்கு 18 பேரே எழுத்தறிந்தவர். 2011-இல் அது 74 ஆயிற்று. அறுபது வருஷத்தில் சுதந்திர தேசம் அடைந்த இந்த முன்னேற்றத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் கூட்டிப் படிக்கிறவனையும் சரளமாகப் படிக்கிறவனையும் ஒரே பத்தியில் அடக்கிவிடுகிற கணக்கு அது.

வேறொரு கணக்கும் உண்டு. 'அஸர்' என்ற பெயரால் 2005 முதல் கிராமந்தோறும் வீடுவீடாகச் சென்று, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு எழுதுகிறார்கள். எழுத்து, சொல், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை: பரீக்ஷை இவ்வளவுதான். 2022-இல் இந்தியக் கிராமங்களில் சர்க்கார் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இந்த இரண்டாம் வகுப்புக் கதையைப் படித்தவர் நூற்றுக்கு 16 பேர். 2024-இல் 23 பேர். தமிழ்நாட்டில் 2022-இல் மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. 2024-இல் அது உயர்ந்து 2018-இல் இருந்த அளவையும் தாண்டியது. ஆயினும் 15-ஐ எட்டவில்லை. இந்தக் கணக்கெடுப்பின் முறையை ஆட்சேபிப்போர் உண்டு. அவர்கள் சொல்வதில் ஓரளவு நியாயமும் உண்டென்பதைப் பின்னால் சொல்லுவோம். ஆனால் கல்வியில் தேசத்துக்கே முன்னணியில் நிற்பதாக மார்தட்டும் ராஜ்யத்துக்கு இந்த எண் உறுத்தத்தான் வேண்டும்.

கொள்ளைநோய்தான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடமில்லை. 2020 மார்ச்சில் மூடிய ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன என்பது உண்மை. அது புண்ணைப் பெரிதாக்கியது. புண் அதற்கு முன்பே இருந்தது.

உடன்குடிப் பக்கத்தார்க்கு இதை விளக்குவது எளிது. பாளையிலிருந்து இறக்கின பதநீர் சுண்ணாம்பின் காவலில் சிறிது நேரம் நிற்கும். விடிலியில் அடுப்பேற்றிக் காய்ச்சிப் பதம் வந்தபின் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டியாகி மாதக்கணக்கில் இருக்கும். பதத்துக்கு முன் இறக்கிவிட்டால் இறுகாது, இளகிக் கெட்டுப்போகும். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பிள்ளை கற்ற எழுத்து பதநீர். அதைச் சரளமான வாசிப்பு என்ற பதம்வரை கொண்டுபோகாமல் மூன்றாம் வகுப்பில் இறக்கிவிட்டு, "இனிச் சரித்திரம் படி, விஞ்ஞானம் படி" என்கிறோம். நான்காம் வகுப்பில் அவனுக்குப் புத்தகம் பகையாகிறது. எட்டாம் வகுப்புவரை யாரும் அவனை நிறுத்துவதில்லை; அவனும் வாய் திறப்பதில்லை.

மனம் ஒரே சமயத்தில் சில காரியங்களையே தாங்கும். எழுத்தை அடையாளம் காண்பதிலேயே அதன் சக்தி முழுவதும் செலவழிந்தால், பொருளை உணர மிச்சம் ஒன்றும் இராது. சைக்கிள் பழகுகிறவன் மிதிகட்டையையே நினைத்துக்கொண்டிருக்கும்வரை எதிரே வருகிற வண்டி அவன் கண்ணில் படுவதில்லை. எழுத்து கண்ணில் பட்டவுடன் சொல் தானாக நாவில் வர வேண்டும். அப்போதுதான் மனம் பொருளுக்குப் போகும். வேகம், பிழையின்மை, நிறுத்துமிடம் அறிந்து நிறுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சரளம். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டால் பயனில்லை. 'தலைவரைக் கண்டான்' என்பதைத் 'தலை வரைக் கண்டான்' என்று படிக்கிற பையன் எழுத்துப் பிழை ஒன்றும் செய்யவில்லை, தலைவரைத்தான் காணவில்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் தனியான சிரமங்கள் சில உண்டு. 247 எழுத்து என்று பயமுறுத்துகிறார்கள். அது பெரிதல்ல, முப்பதும் சில குறிகளும் தெரிந்தால் மற்றவை கூடிவரும். ஆனால் அந்தக் குறிகள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். 'கெ' என்பதில் க முதலில் ஒலிக்கிறது, கொம்போ அதற்கு முன்னே நிற்கிறது. 'கொ' என்பதில் உயிர் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கண் இடமிருந்து வலம் போக, ஒலி வேறு வழியில் போகிறது. ணை, லை, றா, னா முதலியவற்றைப் பழைய வடிவத்திலிருந்து மாற்றி 1978-இல் சர்க்கார் பிறப்பித்த உத்தரவு பிள்ளைகளின் பாரத்தைக் கொஞ்சம் இறக்கியது, பெரியார் ஈ.வெ.ரா. அதைத் தம் பத்திரிகையில் 1935 முதலே வழங்கிவந்தார். அவரோடு எந்த விஷயத்தில் மாறுபட்டவர்களும் இந்த விஷயத்தில் அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இதைவிடப் பெரிய சிரமம் பாஷையின் இரட்டை வடிவம். வீட்டிலே "அப்பா பனைக்குப் போயிருக்காவ" என்று பேசுகிற குழந்தை, புத்தகத்திலே 'தந்தை பனையேறச் சென்றிருக்கிறார்' என்று படிக்க வேண்டியிருக்கிறது. 'சென்றிருக்கிறார்' என்ற சொல்லை அதன் காது ஒருமுறைகூடக் கேட்டதில்லை. காதில் இல்லாத சொல்லைக் கண் எப்படி ஒரு நொடியில் பிடிக்கும்? அதோடு நம் சொற்கள் நீளமானவை. 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பது தமிழில் ஒரே சொல், பன்னிரண்டு எழுத்து. ஹிந்தியிலே இது இரண்டு சிறு சொல்லாகிவிடும். மத்திய சர்க்கார் 2021 ஜூலையில் தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டம், இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிஷத்துக்கு 45 முதல் 60 சொல்லும், மூன்றாம் வகுப்பு முடிவில் 60 சொல்லும் படிக்க வேண்டுமென்று லக்ஷியம் வைத்திருக்கிறது. சொல்லை எண்ணுகிற இந்த அளவுகோல் தமிழுக்குப் பொருந்தாது. எழுத்தை எண்ணினாலன்றி நியாயம் கிடைக்காது. முன்னே சொன்ன ஆட்சேபத்தில் நியாயம் உண்டு என்றது இதனால்தான். ஒரே தரம் என்று பெயர் வைத்து வெவ்வேறு பாஷையில் பத்திகளை எழுதினால் பாரம் ஒன்றாகிவிடாது. ஆனால் அளவுகோல் கோணலென்பதால் நோய் இல்லையென்று ஆகிவிடுமா?

நம் முன்னோர் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது வீண்வேலை அன்று. எழுத்தோலை தந்ததும் பனைதான். அந்த ஓலையிலே புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் பேதம் கிடையாது. அதை எழுத்தில் காட்டிய சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ரகரமும் காலும் ஒரே கோடு. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. கொம்பு, க, ஒரு கோடு என்று ஓலையில் இருந்தால் அதைக் கெர, கேர, கெர், கேர், கொ, கோ என்று ஆறு விதமாகப் படிக்கலாம். எழுத்துக் கூட்டுகிறவன் அங்கே ஓர் அடி நகர முடியாது. பாஷை காதிலே ஊறியவனே ஏடு வாசிக்க முடியும். ஆகவேதான் திண்ணைப் பள்ளிக்கூடத்து அண்ணாவி, பிள்ளையின் விரல் மணலில் அகரம் எழுதும்போதே, ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் காதுவழியே ஏற்றினார். பொருள் தெரியாத நெட்டுரு என்று நாம் அதைப் பரிகசித்தோம். நெட்டுருவில் பழுது உண்டு. ஆனால் செய்யுள் நடையும் புத்தகத் தமிழும் அதனால் காதில் குடியேறின. அச்சு வந்தது, புள்ளியும் இடைவெளியும் வந்தன, முன் பின் அறியாத பக்கத்தையும் படிக்கலாம் என்றாயிற்று. அந்த வசதியைப் பெற்ற நாம், காதை மறந்துவிட்டு எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

அந்தத் திண்ணையைப் புகழ்ந்து நாம் இங்கே பழங்கனவு காணவில்லை. பிரம்பின் கொடுமை ஒரு பக்கம் இருக்கட்டும். பனையேறியின் பிள்ளைக்கும், அவனுக்கும் கீழே வைத்திருந்த ஜாதியார் பிள்ளைக்கும், பெண் குழந்தைக்கும் அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை. மெஞ்ஞானபுரத்திலும் இடையன்குடியிலும் நாசரேத்திலும் பாதிரிமார் பள்ளிக்கூடங்களைத் திறந்தபோதுதான் இந்தப் பனங்காட்டு ஜனங்களுக்கு எழுத்து கைக்கு எட்டியது. அவர்கள் நோக்கம் எதுவாயிருந்தாலும் இது சரித்திரம்.

ஆனால் திண்ணையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. வகுப்பு என்ற ஒன்று அங்கே இல்லை; ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் பாடம். அண்ணாவியோ சட்டாம்பிள்ளையோ ஒவ்வொருவன் வாயிலிருந்தும் பாடத்தைத் தனித்தனியே கேட்டாக வேண்டும். இதன் மதிப்பை வெள்ளைக்காரன் அறிந்துகொண்டான். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டார். தம் பள்ளியில் அப்படிச் செய்யச் சொன்னபோது உபாத்தியாயர்கள் இணங்கவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்து அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அது நடந்தது! 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். பத்து இருபது வருஷத்துக்குள் 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுவதும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய்ச் சீமையில் உத்தியோகம் பார்த்தான். இங்கோ அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டிவிட்டோம்.

சுதந்திர இந்தியாவில் முயற்சிகள் இல்லாமலில்லை. 2003-இல் சென்னைக் கார்ப்பரேஷனின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை சில வருஷங்களில் ராஜ்யம் முழுவதும் பரவியது. பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறிச் செல்ல வேண்டும் என்பது அதன் கொள்கை. கொள்கை உயர்ந்ததே. ஆனால் அட்டை பேசாது. பிள்ளை படித்ததைக் கேட்காது. எங்கே உபாத்தியாயர் உட்கார்ந்து கேட்டாரோ அங்கே அது பலித்தது, மற்ற இடங்களில் அட்டை நகர்ந்தது, வாசிப்பு நகரவில்லை என்பது நம் அபிப்பிராயம். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்தது சரியான காரியம். 2023-இல் வந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக அமைந்திருப்பதும் சந்தோஷத்துக்குரியதே. புத்தகம் வந்துவிட்டது. அதைப் பிள்ளை படிக்கும்போது கேட்பவர் யார்?

இங்கேதான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. பிள்ளைக்கு வாசிப்பு சரளமாவதற்கு உலகம் கண்ட வழி மிகச் சாதாரணமானது. 1979-இல் அமெரிக்காவில் ஸாமுவேல்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், ஒரே சிறு பத்தியை நாலைந்து தடவை வாய்விட்டுப் படிக்கச் செய்தால் அந்தப் பத்தி மட்டுமின்றி அடுத்த புதுப் பத்தியும் எளிதாகிறது என்று எழுதினார். 2000-இல் அந்தத் தேசத்து நிபுணர் குழு, பெரியவர் ஒருவர் கேட்டுத் திருத்த வாய்விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பதே பயன் தருவது என்று அறிக்கை கொடுத்தது. அமெரிக்கன் சொன்னால்தான் நாம் நம்புவோம் என்பதால் இதைக் குறிப்பிட்டோம். நிழல் தாங்கல்களில் அகிலத்திரட்டு ஏடு வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை ஒருவர் படிக்கத் தெருவே கூடிக் கேட்ட தலைமுறைக்கும் இது புது ரகசியம் அன்று.

வகுப்பில் இதை எப்படி நடத்துவது? ஏழெட்டு வரி கொண்ட ஒரு பத்தியை உபாத்தியாயர் முதலில் தாமே நிறுத்தி, ஏற்றி இறக்கிப் படிக்க வேண்டும். பிள்ளைகள் விரல் வைத்துத் தொடர வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து படிக்கலாம். அப்புறம் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவன் படிக்க மற்றவன் கேட்டுத் திருத்துவது. மறுநாள் அதே பத்தி, அதற்கு மறுநாளும் அதே பத்தி. ஒருவனை எழுப்பிப் படிக்கச் சொல்லி மற்ற இருபத்தொன்பது பேரைச் சும்மா உட்காரவைக்கும் வழக்கம் பெருங்கேடு. அந்த ஒருவனுக்கு வெட்கம், மற்றவர்களுக்குத் தூக்கம். இரண்டிரண்டாகப் படித்தால் ஒரே சமயத்தில் பதினைந்து குரல் எழும். இரைச்சல்தான். அதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சத்தமே இல்லாத ஆரம்பப் பாடசாலையைக் கண்டால்தான் நமக்குக் கவலை உண்டாகிறது.

"இது பழைய நெட்டுருதானே? பையன் படிக்காமலே ஒப்பித்துவிடுவானே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மனப்பாடமான பாடத்தை ஒப்பிக்கிற பையன் விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் வேறு வரியில் இருக்கும். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்றால் அகப்பட்டுக்கொள்வான். அதே சொற்களை வேறு வரிசையில் அமைத்துப் புது வாக்கியமாகப் பலகையில் எழுதிவிட்டால் ஒப்பித்தவன் யார், படித்தவன் யார் என்று உடனே தெரிந்துவிடும். அவ்வாறு பார்த்தபின்தான் அடுத்த பத்திக்குப் போக வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு உபாத்தியாயர். அதாவது ஐந்து வகுப்புக்கு இருவர். ஒருவர் தம்மிடமுள்ள 30 பிள்ளைகளையும் தனித்தனியே இரண்டே நிமிஷம் படிக்கச் சொல்லிக் கேட்டால் ஒரு மணி நேரம் ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு எங்கே இருக்கிறது? கணக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். காலை உணவையும் சத்துணவையும் மேற்பார்க்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் விவரமெல்லாம் பதிய வேண்டும். உபாத்தியாயரை ஏசுவது சுலபம். அவருக்கு இரண்டு காதுகள்தான் இருக்கின்றன என்பதை யோசிக்கிறவர் சிலரே.

வீட்டிலே கேட்கலாமே என்பீர்கள். பங்குனியில் பதநீர்க் காலம் தொடங்கினால் உடன்குடிப் பக்கத்தில் பனையேறி விடியுமுன் மரத்தில் இருக்கிறார். மாலையிலும் ஏற வேண்டும். அவர் மனைவி பகலெல்லாம் விடிலியில் அடுப்போடு நிற்கிறாள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்து நிமிஷம் கேட்பதற்கு அவர்களுக்கு மனமில்லாமலில்லை, நேரம்தான் இல்லை. பனைத்தொழில் குறைந்து வேறு கூலிக்குப் போகும் குடும்பங்களிலும் நிலைமை இதுவே. கருப்பட்டியை வாங்கி விற்கிறவர் பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்கு வேனில் போகிறது, அதைக் காய்ச்சுகிறவள் பிள்ளை ஈராசிரியர் பள்ளிக்கு நடந்து போகிறது. இந்த இரண்டாவது பிள்ளை மூன்றாம் வகுப்பில் வாசிப்பு வராமல் நின்றுவிட்டால், நாளைக்கு நிலப் பட்டாவையும் பாங்கிக் கடன் பத்திரத்தையும் இன்னொருவன் வாயால் கேட்டுத்தான் கைநாட்டுக்குப் பதில் கையெழுத்துப் போடும். எழுதியிருப்பது ஒன்று, படித்துச் சொன்னது ஒன்று என்று நிலத்தை இழந்தவர்கள் கதை நம் ஜில்லாவில் குறைவா?

ஆகவே நம் வேண்டுகோள் அரசியல் ஊழியர்களுக்கே. எந்தக் கட்சியானாலும் சரி. மேடை போடுகிறீர்கள், நோட்டீஸ் அச்சடிக்கிறீர்கள். தேசத்தில் எழுத்தறிந்தவர் அரிதாயிருந்த நாளில், ஊர்ச் சாவடியிலும் டீக்கடையிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். அப்படிப் படித்துக் காட்டியதே அன்று ஒரு தேசத்தொண்டு. இன்று அது தலைகீழாக வேண்டும். குழந்தை படிக்க, நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் தலைமை உபாத்தியாயரிடமும் அனுமதி பெற்று, வாரம் மூன்று மாலை, பள்ளித் தாழ்வாரத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு மணி நேரம். ஒருவருக்கு ஆறு பிள்ளைகள். பிள்ளைக்குப் பத்து நிமிஷம். ஐந்தாம் வகுப்புப் பெண்களில் நன்றாகப் படிக்கிறவர்களைச் சட்டாம்பிள்ளைகளாக வைத்துக்கொண்டால் ஆறு பன்னிரண்டாகும். கொடி வேண்டாம், பேட்ஜ் வேண்டாம், போட்டோ வேண்டாம். பத்துப் பேர் முன்வந்தால் ஒரு பள்ளியில் ஒரு குழந்தைகூடப் பாக்கி இராது.

கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறோம். குழந்தை ஒரு சொல்லில் தடுக்கி நின்றால் உடனே பாய்ந்து சொல்லிவிட வேண்டாம். மனத்துக்குள் மூன்று எண்ணும்வரை பொறுங்கள். வரவில்லையானால் எழுத்துக் கூட்டச் சொல்லாமல் சொல்லையே சொல்லிக் கொடுத்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள். முடித்தபின் அது என்ன கதை என்று கேளுங்கள். உடன்குடிப் பேச்சிலேயே அது பதில் சொல்லட்டும். அங்கே இலக்கணம் திருத்த வேண்டாம்.